எல்லைக்கல்

வரைபடத்தின்படி நான் நிற்பது
ஃப்ளோரிஸ் சின்னாபாயனின் சமையலறையில்.
கால்களின்படி
மலை கக்கிப் பதினொரு மாதமே ஆன கல்லின் மேல்.
பூட்ஸின் அடி இளகி ஒட்டுகிறது.

த்ரம்ப்ளேயில் தூறல் விழுந்தால்
மேகம் தரையிலிருந்து கிளம்புகிறது.
வெடிப்புக்கு வெடிப்பு ஆவி.
அளவுகோல் பிடித்திருக்கும் ழெரால்டின்
முழுவதும் மறைந்து
குரலாக மட்டும் எண் சொல்கிறாள்.

நான்கு மூலைகளையும் மறுபடி குறிக்க வேண்டும்,
உத்தரவு அவ்வளவுதான்.
பழைய எல்லைக்கற்கள் எங்கும் போய்விடவில்லை.
மூன்று, பதினான்கு மீட்டர் கீழே.
நான்காவதன் மேல், ஓட்டத்தின் தெற்கு விளிம்பில்,
ஒன்றரை ஆள் உயரமே.
அவையும் இந்த மலை பெற்றவைதான்.
யாருக்கும் பத்திரம் இல்லாத ஓர் இரவில்
இதே சரிவில் சிவந்து இறங்கியவை.
ஓடி ஓய்ந்ததை எடுத்து
எல்லை என்று நட்டிருக்கிறோம்.

ஆறாக வந்தது.
ஆறக் காத்திருக்கிறோம்.
துளையில் இறக்கிய வெப்பமானி
இன்னும் தொண்ணூறு காட்டுகிறது.

உடைத்த துண்டைக் கையுறையில் திருப்பிப் பார்க்கிறேன்.
வெளித்தோல் கண்ணாடி:
காற்றுப் பட்ட கணத்தில் திடுக்கிட்டு உறைந்தது.
உள்ளே பாசிப்பயறு அளவில் பச்சைப் படிகங்கள்:
அவை மேலே வருமுன்பே,
ஆழத்து அறையில்,
அவசரம் தெரியாமல் கட்டிக்கொண்டவை.
ஒரே குழம்புதான்.
ஆறக் கிடைத்த நேரம் வேறு.

ஃப்ளோரிஸ் ரொட்டியும் சூரை மீனும் பிரித்துக் கொடுத்துவிட்டு
"வனிலா எந்தப் பக்கம்?" என்கிறான்.
தெற்கு விளிம்பைக் காட்டுகிறேன்.
அங்கே பாறையில் ஒரு நேர்த்துளை,
தொடைப் பருமன்.
கொடி ஏறிய மரத்தைச் சுற்றிக் குழம்பு கட்டிக்கொண்டு நின்றிருக்கிறது.
மரம் எரிந்தது.
மரம் இருந்த இடம் எரியவில்லை.
தோள்வரை கையை விட்டுத் தடவுகிறான்.
உள்சுவரில் பட்டையின் வரிகள்,
ஒரு கணு,
அவன் கத்தியால் கீறிய ஒரு கோடு
(அப்படித்தான் சொல்கிறான்).

கேட்கவே கூடாத ஒன்றையும் கேட்கிறான்:
"விற்றால் எதை விற்பேன்,
மேலே இருப்பதையா, கீழே இருப்பதையா?"
படிவத்தில் நீளத்துக்குக் கட்டம் உண்டு, அகலத்துக்கு உண்டு.
உயரத்துக்கு இல்லை.

சேன்-பியேர் நோட்டரியின் மேசை பளிங்கு.
கப்பலில் வந்தது.
சிப்பிகளும் சேறும் ஒரு கடலடியில் படிந்து
சுண்ணாம்புக்கல்லாகி,
மேலே ஒரு மலை அமர, கீழே ஒரு சூடு ஏற,
தன் சிப்பிகளை மறந்து வெளுத்தது.
அதன் மேல்தான் ஃப்ளோரிஸ்
காப்பீட்டுத் தாளில் கையெழுத்திட்டான்.
கை வைத்ததும் சில்லென்றிருந்ததாம்.
எங்கள் தீவில் பளிங்கு கிடையாது.
இதற்கு இன்னும் அந்த வயதாகவில்லை.

ஆனால் தொடங்கிவிட்டது.
நிழல் விழும் பக்கத்தில் சாம்பல் நிறப் பாசி,
நகத்தால் சுரண்டினால் வருகிற அளவு.
மலையடிவாரத்தில் அலை
புதுக் கரையை உடைத்து
கறுப்பும் பச்சையுமாக மணல் போட்டிருக்கிறது.
அது ஆழத்துக்கு உருளும், படியும்,
தன் எடையாலேயே மறுபடி கல்லாகும்.
பிறகு அழுந்துமோ, வேகுமோ,
எந்த மேசையாகுமோ.

தெற்கு மூலையில்
ஆணி நிற்கவில்லை. துளையிட்டோம்.
முக்கால் மணி நேரம் கல் கத்தியது.
வாயிலிருந்து வெந்நீறாய்ப் பொடி எழும்பி
ழெரால்டினின் இமைகளில், ரொட்டியில்,
என் குறிப்பேட்டின் திறந்த பக்கத்தில் விழுந்தது.
ஊதிவிட்டேன்.
காற்று அதைக் கடல்பக்கம் கொண்டுபோனது.

மூலை நான்கு: குறிக்கப்பட்டது.
தொட்டால் சுடும் என்று
ஓரத்தில் எழுதி வைத்தேன்.